மழைக்கு ஒரு மணி நேரம் முன்பு

ஆய்விதழின் இணையப் பக்கத்தில் ‘மதிப்பீட்டில் உள்ளது’ என்று போட்டிருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க யெர்னேயா அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பல் துலக்கும்போது பார்ப்பாள், பேருந்துக்கு நிற்கும்போது பார்ப்பாள், பார்த்துவிட்டுப் பையில் போட்ட போனை மறுபடி எடுத்துப் பார்ப்பாள். எங்கேயோ ஹாலந்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர், இவள் கண்ணெடுத்த அந்த அரை நிமிடத்தில் முடிவைப் போட்டுவிடுவார் என்று ஒரு நினைப்பு.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் போய் நிற்க வேண்டுமானால், உலகம் மதிக்கும் ஆய்விதழ் ஒன்றில் உங்கள் பெயரை முதலில் போட்டு ஒரு கட்டுரை வந்திருக்க வேண்டும். வராவிட்டால் நான்கு வருட உழைப்பும் ஆற்றில் கரைத்த புளிதான். யெர்னேயாவின் உதவித்தொகை செப்டம்பரோடு முடிகிறது. அதற்குள் கட்டுரை வந்தால் அவள் டாக்டர். இல்லையென்றால் சொந்த ஊரான இத்ரியாவில் அம்மா வீட்டு மாடியறை, கீழே வருகிற மாமாக்கள் ஆளுக்கொரு வேலை சொல்லிப் போவதைக் கேட்டுக்கொண்டு.

கட்டுரை தேனீக்களைப் பற்றியது. எங்கள் தலைநகரான லுப்லியானாவுக்குத் தெற்கே, பார்யே சதுப்புவெளியின் ஓரத்தில், எங்கள் ஆய்வு நிறுவனத்துக்குச் சொந்தமான தேனீப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் வாசலிலும் போகிற தேனீயையும் வருகிற தேனீயையும் எண்ணும் கருவியை யெர்னேயா தன் கையாலேயே பொருத்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு வானிலைக் கம்பம் மழையையும் காற்றையும் பதிந்துகொண்டே இருக்கும். இரண்டு கணக்கையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது வந்த முடிவு அவளையே திகைக்க வைத்தது. ஏப்ரல் தொடங்கி இலையுதிர்காலம் வரை, மழை விழுவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே தேனீக்கள் திமுதிமுவென்று வீடு திரும்பிவிடுகின்றன.

எங்கள் நாட்டில் தேனீயைப் பற்றி நல்லதாக எதைச் சொன்னாலும் நம்புவார்கள். மாடு செத்தது, நாய் செத்தது என்போம். தேனீ மட்டும் மனிதரைப் போல ‘இறந்துபோகும்’, பேச்சில்கூட அதற்கு மரியாதை. அப்படிப்பட்ட தேனீக்கு மழை வருவது முன்கூட்டியே தெரியும் என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? இதைக் கண்டுபிடிக்க நாலு வருஷமா, எங்க தாத்தாவைக் கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பாரே என்று அம்மா போனில் கேட்டாள்.

கண்டுபிடித்ததைவிட எழுதியதுதான் யெர்னேயாவின் உயிரை வாங்கியது. முதல் வரைவு நாற்பது பக்கம் வந்தது. உலகில் மனிதன் முதன்முதலாகத் தேன் எடுத்ததிலிருந்து ஆரம்பித்திருந்தாள். அவளுடைய நெறியாளர் தாரிங்கா ஹ்ரோவாட் எதையும் நின்றுகொண்டே படிப்பவர், ஐம்பதைத் தாண்டியும் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுபவர். அவர் ஆறு பக்கம் புரட்டிவிட்டு, ‘தேனீ எப்போ வரும்?’ என்று மட்டும் கேட்டார்.

அதற்கப்புறம் வெட்டு, வெட்டு, வெட்டு. ‘நிரூபித்தோம்’ என்று எழுதியதை அடித்து ‘சுட்டக்கூடும்’ என்று போட்டார். ‘நான் அளந்தேன்’ என்றிருந்தது ‘அளக்கப்பட்டது’ ஆயிற்று. அளந்தவள் முழங்கால் சேற்றில் நின்றாள், உதட்டில் கொட்டு வாங்கினாள் என்பதெல்லாம் யாருக்கும் வேண்டாமாம். ஆய்வுக் கட்டுரையில் காரியங்கள் தாமாகவே நடக்கும், செய்தவர் எவரும் இருக்க மாட்டார். இந்த விசித்திரமான மொழியை யெர்னேயா பேச்சு வராத குழந்தை மாதிரி திக்கித் திக்கிக் கற்றுக்கொண்டாள். கற்ற பிறகு அம்மாவுக்கு அனுப்புகிற குறுஞ்செய்தியில்கூட ‘சனிக்கிழமை வரக்கூடும் எனத் தோன்றுகிறது’ என்று எழுதினாள்.

முதலில் அனுப்பிய இதழ் ஒரே நாளில் திருப்பியது. அடுத்தது ஐந்து மாதம் அடைகாத்துவிட்டு ஒற்றை வரியில் திருப்பியது. மூன்றாவது இதழ்தான் மதிப்பீட்டுக்கே அனுப்பியது. பெயர் தெரியாத இரண்டு பேர் படித்துக் கருத்துச் சொல்வார்கள். முதல் ஆள் நல்ல மனுஷர், நன்றாக இருக்கிறது என்றார். இரண்டாவது ஆள் பதினேழு கேள்வி கேட்டார். அதில் பதினாறு சில்லறை. ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மார்ச் மாத வெயிலிலும் தேனீ பறக்கிறதே, அந்தத் தேனீக்களுக்கு இந்த அறிவு ஏன் இல்லை? ஏப்ரல் பிறந்ததும் அது எப்படித் திடீரென்று முளைக்கிறது?

நல்ல கேள்வி. ஆனால் கேள்வி நல்லதாக இருந்தால் கேட்டவரை இன்னும் அதிகமாகத் திட்டத் தோன்றும். வாயால் திட்டிக்கொண்டே, ‘மதிப்பீட்டாளரின் மிகப் பயனுள்ள கருத்துக்கு நன்றி’ என்று கையால் எழுத வேண்டும். தாரிங்காவும் யெர்னேயாவும் இரண்டு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் யெர்னேயாவுக்குத்தான் பொறி தட்டியது. குளிர்காலத்தைத் தாண்டிய தேனீக்கள் கிழடுகள், மார்ச் முடிவில் அவை இறந்துபோகின்றன. வசந்தத்தில் பிறக்கும் புதுத் தலைமுறைக்குத்தான் இந்தக் கூர்மை வருகிறது! இதை மூன்று பக்கத்துக்கு, மேற்கோள்களோடு, ‘கூடும்’ ‘கூடும்’ என்று போட்டு எழுதினார்கள். இரண்டாவது மதிப்பீட்டாளர் அசந்துபோனார். விளக்கம் அழகாக இருக்கிறது என்று பதில் எழுதினார்.

மார்ச் முதல் வாரத்தில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று வந்தது. யெர்னேயா ஆய்வுக்கூடத் தாழ்வாரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினாள், அங்கே செய்ய ஒன்றுமில்லாததால் திரும்பி ஓடி வந்தாள். அன்று மாலை தாரிங்கா ஒரு புட்டி தெரான் ஒயினைக் காபிக் கோப்பைகளில் ஊற்றினார். எங்கள் வழக்கப்படி இருவரும் முழங்கையைப் பின்னிக்கொண்டு குடித்தார்கள். அப்படிக் குடித்துவிட்டால் அதற்கப்புறம் மரியாதைப் பேச்சு கிடையாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

“இனிமே ‘மேடம்’, ‘வாங்க போங்க’ எல்லாம் வேண்டாம்” என்றார் தாரிங்கா. “நீ இப்போ சக ஆய்வாளர். நான் தாரிங்கா.”

யெர்னேயாவின் நாக்குப் புரளவில்லை. அடுத்த மூன்று வாரமும் பெயரையும் ‘நீ’யையும் தவிர்த்து, வினைச்சொல்லே இல்லாமல் பேசிக்கொண்டு திரிந்தாள். ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதை மறைப்பானேன். அந்தக் கோப்பையைக் கழுவாமல் இரண்டு நாள் மேசைமேலேயே வைத்திருந்தாள்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மெய்ப்பு வந்தது. அச்சுப் பக்கம் போலவே அமைத்து, எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் திருத்தி இரண்டு வேலைநாளுக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்பிவிட்டால் முடிந்தது, கட்டுரை உலகத்துக்குப் போய்விடும். தன் பெயரை அந்த எழுத்துருவில் பார்த்ததும் யெர்னேயா அம்மாவுக்குப் படம் பிடித்து அனுப்பினாள். சனி முழுக்க ஒரு காற்புள்ளி விடாமல் படித்தாள். ஞாயிறு காலை இன்னொரு தடவை படித்துவிட்டு அனுப்பிவிடலாம் என்று இருந்தாள்.

அது மார்ச்சின் கடைசி ஞாயிறு. எங்கள் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால், கோடை நேரத்துக்குத் தாவும் நாள். விடியுமுன்னே யாரோ நம் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைக் களவாடிக்கொண்டு போவார்கள், அக்டோபர் கடைசியில் திருப்பித் தருவார்கள். இதனால் யாருக்கு என்ன லாபம் என்று இன்றுவரை எனக்குப் புரிந்ததில்லை. போன் தானாக மாறிக்கொள்ளும். அடுப்பிலும் சுவரிலும் இருக்கிற கடிகாரங்களை நாம்தான் மாற்ற வேண்டும், பாதி வீடுகளில் அது மே மாதம்வரை நடக்காது.

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த யெர்னேயா அடுப்பைப் பார்த்தாள். எட்டு. போனைப் பார்த்தாள். ஒன்பது. ஒரு மணி நேரம் போச்சா என்று சலித்துக்கொண்டே நாற்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினாள். முள்ளைத் திருப்பும்போது, நல்லவேளை தேனீக் கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைத்தாள். விஞ்ஞானம் கடிகாரத்தை ஆட்டக்கூடாது, வருடம் முழுக்க ஒரே நேரம்தான் என்று முதல் நாளே அவற்றைக் குளிர்கால நேரத்தில் பூட்டிவைத்தவள் அவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அப்புறம், நாற்காலிமேல் நின்றபடியே, வானிலைக் கம்பத்தை நினைத்தாள்.

கம்பத்தை நட்டவன் டிலென், நிறுவனத்தின் கருவிப் பொறியாளன். அவனுக்குச் செய்தி அனுப்பினாள். உன் கம்பம் கோடை நேரத்துக்கு மாறுமா? உடனே பதில் வந்தது. தானா மாறிடும், நம்ம போன் மாதிரி, ஏன் கேக்கறே? பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு போட்டிருந்தான்.

யெர்னேயா நாற்காலியிலிருந்து இறங்கினாள். கணக்கைத் திறந்து, கம்பத்தின் நேரத்தை ஏப்ரலிலிருந்து ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினாள். ஒரே ஒரு வரி மாற்றம். வரைபடத்தில் மழைக்கு வெகு முன்னால் கர்ப்பிணியின் வயிறுபோல மேடிட்டிருந்த கோடு அப்படியே நகர்ந்து மழையின்மேல் போய் உட்கார்ந்தது. தேனீக்கள் முன்கூட்டி எதையும் அறியவில்லை. வானம் இருட்டியதும் ஓடி வருகின்றன, பாதி நனைந்துகொண்டே வருகின்றன. மார்ச் மாதக் கிழட்டுத் தேனீக்களும் அப்படித்தான் வந்தன, ஏப்ரல் குமரிகளும் அப்படித்தான். இடையில் மாறியது கம்பத்தின் கடிகாரம் ஒன்றுதான். அழகான விளக்கம்! மூன்று பக்கம்!

சரிபார்த்தாள். மறுபடி சரிபார்த்தாள். சமையலறையைச் சுற்றி நடந்தாள், கழுவிய தட்டைத் திரும்பக் கழுவினாள். பிறகு மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு மிதிவண்டியில் கிளம்பினாள். ஞாயிறு மதிய சூப் நேரத்தில் எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக் கதவை இன்னொருவர் தட்டமாட்டார். சாவுச் செய்தியாக இருந்தாலும் இனிப்புச் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். யெர்னேயா போய்த் தட்டினாள்.

தாரிங்காவின் கணவர் லோய்ஸே கதவைத் திறந்தார், கழுத்தில் துணியைச் செருகியபடி. என் வயிறு இன்னும் பழைய நேரத்துலதான் ஓடுது, இவதான் புது நேரத்துக்குச் சோறு போட்டுட்டா, வந்து நீயும் கூட உக்காரு என்றார். அவள் முன்னால் மாட்டிறைச்சி சூப்பும், வறுத்த உருளைக்கிழங்கும், புல்வெளியில் பறித்த ரெக்ராட் கீரையும் வந்தன. அவள் கரண்டியை எடுத்தாள், வைத்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். தாரிங்கா அவளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வா என்று பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்.

வரைபடத்தை அவர் உட்கார்ந்துகொண்டு பார்த்தார். அவர் உட்கார்ந்து எதையும் படித்து யெர்னேயா பார்த்ததே இல்லை.

“கொஞ்சமாவது மிச்சமிருக்கா? பத்து நிமிஷம்?”

“மூணு நிமிஷம். மேகம் இருட்டறதைப் பாத்துட்டு வருது. யாரா இருந்தாலும் அப்படித்தான் வருவாங்க.”

“நீ எப்படி இதைப் பாக்காம விட்டே?”

“நான்தான் விட்டேன். தப்பு என்னோடதுதான், மேடம்.” ‘மேடம்’ என்று வந்துவிட்டது. தாரிங்கா திருத்தவில்லை.

கூடத்தில் லோய்ஸே கரண்டியால் கிண்ணத்தை வழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு தாரிங்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எழுத்துப்பிழை இருந்தா மட்டும் சொல்லுங்கன்னுதானே அவங்க கேட்டிருக்காங்க என்றார். சொன்னது அவருக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது, உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவசரப்பட வேண்டாம், நாளைக் காலையில் தெளிவாக உட்கார்ந்து முடிவு செய்யலாம், அதுவரை யாரிடமும் மூச்சுவிட வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கு என்று அனுப்பிவைத்தார். யெர்னேயாவுக்கு அழுகையாக வந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. இன்னும் ஒருவருக்குத் தெரிந்துவிட்டது, பாதிச் சுமை அங்கே போயிற்று என்று நினைத்தாள். கெட்டிக்காரிகளும் இப்படித்தான் ஏமாறுவார்கள்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. கால் போன போக்கில் மிதித்தாள். பார்யேவுக்குப் போகும் நேர்ச்சாலையில் பாதி தூரம் போய், தேனீக்களின் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் திரும்பினாள். ஆற்றோரம் காபிக்கடைகளில் ஊரே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் உட்கார்ந்து காபி கேட்டாள், வருமுன் எழுந்து போய்விட்டாள். மனசு ஒரு பக்கம் சொன்னது, வெளியே தெரியவா போகிறது, எத்தனை கட்டுரையில் எத்தனை ஓட்டையோ. மறுபக்கம் ஒன்றும் சொல்லவில்லை, அந்த வரைபடத்தைத்தான் காட்டிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் அறைக்கு வந்து இதழின் பக்கத்தைத் திறந்தாள். குளிர்காலம் முழுக்கப் பழகிய பழக்கம், கை தானாகப் போகிறது. ‘மெய்ப்பு பெறப்பட்டது. திருத்தம் எதுவுமில்லை. நன்றி’ என்று இருந்தது. நேரம், மதியம் மூன்று மணி.

இதழின் தளத்தில் அவளுடைய பயனர் கணக்கைச் சேர்ந்து உட்கார்ந்து திறந்து வைத்தது அவளும் தாரிங்காவும்தான். கடவுச்சொல் இருவருக்கும் தெரியும். யெர்னேயா போன் செய்தாள். தாரிங்கா முதல் மணியிலேயே எடுத்தார்.

“நான்தான் அனுப்பினேன்” என்றார், கேட்பதற்கு முன்னாலேயே. “செப்டம்பர்ல உனக்குப் பணம் முடியுது. புதுசா ஒரு கட்டுரை எழுதி, அது வந்து... ஒரு வருஷம் ஆகும். உனக்காகத்தான்.”

“எனக்காகவா?”

“மே மாசம் என் பேராசிரியர் பதவிக்குக் குழு கூடுது. இந்தக் கட்டுரையைக் காட்டியிருக்கேன். போதுமா?”

யெர்னேயாவுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது, ஆனால் கூடவே அந்தக் காபிக் கோப்பை ஒயினும் நினைவுக்கு வந்து கோபத்தைக் கெடுத்தது. நான் ஆசிரியருக்கு எழுதப்போகிறேன், கட்டுரையை நிறுத்தச் சொல்லப்போகிறேன் என்றாள். தாரிங்கா தடுக்கவில்லை. தடுத்திருந்தால் யெர்னேயாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எழுது. நீ எழுதத்தான் செய்வேன்னு தெரியும்” என்றார். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அனுப்பினதுக்கு அப்புறம்தான் கண்டுபிடிச்சோம்னு எழுது. சாப்பாட்டு நேரத்துல தெரிஞ்சதை சாயங்காலம் தெரிஞ்சதுன்னு சொல்லப்போறே. தேனீக்கு அதுல ஒரு நஷ்டமும் இல்லை.”

கேட்டுப் பார்த்தால் நியாயம்போலத்தான் இருந்தது. விஞ்ஞானத்துக்கு உண்மை போய்ச் சேர்ந்துவிடும். ஒரு பெண்மணியின் முப்பது வருடப் பெயரும் பிழைத்துவிடும். யெர்னேயா எழுதினாள். நான்கு வருடத்தில் அவள் இவ்வளவு நன்றாக எழுதியதே இல்லை. சுற்றி வளைக்கவில்லை, ‘கூடும்’ ஒன்றுகூட இல்லை. எங்கள் முடிவு தவறு, இரண்டு கடிகாரங்களில் ஒன்று மட்டும் கோடை நேரத்துக்கு மாறியதை நான் கவனிக்கவில்லை, தேனீக்களுக்கு மழை முன்கூட்டித் தெரியாது, கட்டுரையை நிறுத்திவிடுங்கள். எல்லாம் கண்ணாடிபோல் இருந்தது. நடுவில் ஒரே ஒரு வரி, ‘மெய்ப்பை அனுப்பிய பிறகு இப்பிழை கண்டறியப்பட்டது.’ அதை அனுப்பிவிட்டுப் படுத்தாள். புரண்டுகொண்டே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதில் வந்தது. ஆசிரியர் வயதானவராக இருக்க வேண்டும், அப்படி விலாவாரியாக எழுதியிருந்தார். முப்பது வருடமாக இதழ் நடத்துகிறாராம். பிழையை மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறார், பிடிபட்ட பிறகு ஒத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறார். கண்ட கணத்திலேயே தானாக முன்வந்து சொன்ன இளம் ஆய்வாளரை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறாராம். கட்டுரையை நிறுத்திவிட்டார். சரியான கணக்கோடு, தேனீக்களின் முன்னறிவு என்று நம்பப்படுவது எப்படி உருவாகிறது என்று திருத்தி எழுதித் தந்தால் விரைவாகப் பரிசீலித்துக் கோடைக்குள் முடிவு சொல்வதாக வாக்குக் கொடுத்தார். கடைசியில் ஒரு வேண்டுகோள். இளம் ஆய்வாளர்களுக்கு நடத்தும் பயிற்சியில் அவள் கடிதத்தைப் படித்துக்காட்ட அனுமதி வேண்டும், நேர்மைக்கு எடுத்துக்காட்டாக.

பதில் தாரிங்காவுக்கும் போயிருந்தது. பத்துமணிக் காபிக்கு எல்லோரும் கூடியபோது தாரிங்கா அதைச் சத்தமாக, நின்றுகொண்டு படித்தார். அவர் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத ரத்தம் திரும்பியிருந்தது. டிலென் கைதட்டினான். தப்புப் பண்ணினா இவளை மாதிரிப் பண்ணணும்டா என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். செப்டம்பர் பிழைத்தது, மே மாதக் குழுவின் முன் தாரிங்காவின் பெயரும் பிழைத்தது. தாரிங்கா அவள் தோளில் கைபோட்டு ஒருமுறை அழுத்தினார். அந்த அழுத்தத்தில் நன்றி இருந்தது, கெஞ்சலும் இருந்தது, இரண்டுமே யெர்னேயாவுக்குப் புரிந்தது.

அவள் கோப்பையை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள், தண்ணீரைத் திறந்துவிட்டாள், மூடினாள். ஹாலந்தில் ஒரு அறை கண்ணில் வந்தது. இருபது பேர், அவளைப் போலவே நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அந்தக் கிழவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவள் கடிதத்தைப் படிக்கிறார். கண்ட கணத்திலேயே. எந்தக் கணம்? அந்த இருபது பேரும் அதை எழுதிவைத்துக்கொள்வார்கள்.

தேனீயைப் பற்றிச் சொன்ன பொய் தெரியாமல் சொன்னது. இது தெரிந்து சொன்னது. இவ்வளவுதான் வித்தியாசம், இதற்கு மேற்கோள் எதுவும் தேவையில்லை. தாரிங்காவைக் கைவிடுகிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அந்த அம்மாள் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவரைக் காட்டிக்கொடுப்பது கெட்டவரைக் காட்டிக்கொடுப்பதைவிடக் கஷ்டம். ஆசிரியர் கொடுத்த வாக்கும் இதோடு போய்விடலாம். செப்டம்பர் போய்விடலாம்.

மேசைக்குத் திரும்பினாள். காபி முடிந்து எல்லோரும் கலைந்துவிட்டார்கள். பக்கத்து அறையில் தாரிங்கா யாருடனோ போனில் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். யெர்னேயா பதில் பெட்டியைத் திறந்து, ‘மெய்ப்பு தவறுதலாக அனுப்பப்பட்டது’ என்று எழுதி அழித்தாள். ‘நேரக் குறிப்பில் ஒரு சிறு முரண்பாடு இருக்கக்கூடும்’ என்று எழுதி, அதைப் பார்த்துத் தன்மேலேயே கோபம் வந்து அழித்தாள். நின்றுகொண்டே எழுதினாள்.

‘மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, என் கடிதத்தை யாருக்கும் படித்துக்காட்ட வேண்டாம். அதிலும் நேரம் தவறாக இருக்கிறது. பிழையை நான் ஞாயிறு காலையே கண்டேன். மதியம் டாக்டர் ஹ்ரோவாட்டிடம் சொன்னேன். எங்கள் இருவருக்கும் தெரிந்த பிறகுதான் மெய்ப்பு உங்களுக்கு வந்தது. உங்களிடம் வேறு மாதிரி எழுதியவள் நான்.’

பிரதி பெறுவோர் இடத்தில் தாரிங்காவின் முகவரி இருந்தது. அதை எடுத்துவிட ஒரு நிமிடம் கை போயிற்று. எடுக்கவில்லை. அனுப்பினாள்.

பக்கத்து அறையில் போன் பேச்சு தொடர்ந்தது. ஒரு சிரிப்பு. பிறகு பேச்சு நின்றது. நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தமும் காலடியும் கேட்டன. யெர்னேயா உட்காராமல் கதவைப் பார்த்து நின்றாள்.